மூன்றாம் அத்தியாயத்து ஏமாளி எழுதிக்கொள்வது

நாவலாசிரியருக்கு,
நாற்பத்தோராம் பக்கத்தில் வந்து
நாற்பத்தேழில் காணாமல் போகிறவன் நான்.
பெயர் பரராஜசிங்கம்.
"திரு பாரா" என்று வெட்டிவிட்டீர்கள்,
பரவாயில்லை, சம்பளத் துண்டிலும் அப்படித்தான்.

பீல் நகரம். தெருப்பெயரைக்கூட
இரண்டு மொழியில் எழுதி மாட்டுகிற ஊர்.
இரண்டிலும் நான் ஊமை.
ஏழு வருடம் கோப்பை கழுவியபின் ஒருநாள்
ஜெயரூபன் விளம்பரத்தை வாசித்துச் சொன்னான்:
இரைச்சல் ஆய்வு நிலையம். இரவு வேலை.
மொழி தேவையில்லை, காது போதும்.

நேர்முகத்தில் கைகுலுக்கியவர்
என் முதுகுக்குப் பின்னால் எதையோ கீழே போட்டார்.
மேசையில் கிடந்த குண்டூசியைத் தொட்டு
இரண்டு விரலைக் காட்டினேன்.
சிரித்தார். காகிதத்தில் சீல் குத்தினார்.
சீல் குத்திய காகிதத்தைச் சந்தேகிக்க
எங்களை யாரும் பழக்கவில்லை.
சீல் இல்லை என்றுதானே
இத்தனை வருடம் பயந்திருந்தோம்.

ஷூஸ் கால்வாய்க் கரை, மூன்றாம் மாடி.
ஒரு மேசை, ஒரு மணிக்கூடு, ஒரு கொப்பி.
சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பதையெல்லாம்
நேரத்தோடு குறிக்கவேண்டும்.
கதவென்றால் வட்டம், காலடியென்றால் கோடு,
ஓய்ந்தால் புள்ளி.
கடைசிப் பத்தி வெறுமையாகக் கிடந்தது.
வாங்குகிற காசுக்கு வஞ்சகம் கூடாதென்று
அதில் தமிழில் எழுதினேன்.

22.10 இரும்புக் கதவு. ஒன்பது சாவி, ஒன்று கொஞ்சம் பெரியது.
23.40 காவற்காரர் இருமுகிறார். இடது காலை இழுக்கிறார்.
00.15 போத்தல் மூடி. தேத்தண்ணியாக இருக்கும்.
01.05 குறட்டை.

மார்கழியில் அந்த இருமல் நெஞ்சுக்கு இறங்கியது.
வேர்க்கொம்பும் மல்லியும் ஒரு சரை கட்டி
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.
அயலாரோடு பழகக்கூடாது,
ஒப்பந்தத்தில் ஐந்தாம் விதி.

தை பதினொன்று. அன்றும் எழுதினேன், அதுதானே வேலை.
01.07 துளைக்கும் சத்தம்.
01.31 சப்பாத்து, வலது குதி கீச்சிடுகிறது. கைகுலுக்கியவருடையதைப்போல.
01.33 ஏதோ கனமாக விழுந்தது.
01.34 இருமல் இல்லை.

உங்கள் துப்பறிவாளர் ஆம்ஸ்டுட்ஸ்
ஈரத் தொப்பியை என் கொப்பிமேல் வைத்தார்.
"சுவரைக் கேட்க மாதம் நாலாயிரத்து இருநூறு பிராங்க்
எந்த மடையன் கொடுப்பான்?
ஒருநாளும் யோசிக்கவில்லையா?"
பிறகு வாசகர்கள் சிரித்து முடிக்க
கொஞ்சம் இடம் விட்டீர்கள்.

யோசித்தேன் ஐயா.
ஒவ்வொரு இரவும் மூன்று மணிபோல யோசித்தேன்.
அதே மூன்று மணிக்கு
வாடகையையும் யோசித்தேன்.
மொழி தேவையில்லை என்று சொல்லி
அவரை யாராவது ஒருதரம் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களா,
கேட்டுச் சொல்லுங்கள்.

அந்தக் கடைசிப் பத்தி
கள்ளருக்கும் விளங்கவில்லை, அவருக்கும் விளங்கவில்லை.
பதினெட்டாம் அத்தியாயத்தில்
நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் உரக்க வாசித்த பிறகுதான்
ஒருவரை எழுந்து நாலடி நடக்கச் சொன்னார்கள்.
கீச்சென்றது.
பத்தொன்பதில் ஆம்ஸ்டுட்ஸுக்கு விருந்து.

தை மாதத்தில் பதினொரு நாள் சம்பளம் நிலுவை.
கள்ளக் காசென்பீர்கள், விட்டுவிடுகிறேன்.
கேட்க வந்தது வேறு.
ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு வரி:
"காவலாளி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்."
அதற்குப் பிறகு அவரைப்பற்றி ஒன்றுமில்லை.
ஜெயரூபனை இரண்டுதரம்
கடைசித் தாள்வரை வாசிக்கச் சொல்லிவிட்டேன்.
அவன் சலித்துக்கொள்கிறான்.

எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாம் வார்ட்,
அவருடைய பெயர் என்ன.
வேர்க்கொம்பு இன்னும் பழுதாகவில்லை.