வடம்

வால்பரைசோவில் மலைச்சரிவு லிஃப்ட் ஓட்டுகிறேன்.
இரண்டு மரப்பெட்டிகள், ஒரே வடம்.
ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆகவேண்டும்.
உனக்கு என்னதான் வியாதி என்று கேட்பவர்களுக்கு
இதைத்தான் கைகாட்டுவேன்.
டாக்டர் சுருக்கமாக, இருமுனை என்று எழுதுகிறார்.

ஏறிய வருடம்
மூன்று இரவு தூங்காமல் இயந்திர அறைக்கு மஞ்சள் பூசினேன்.
கடனுக்கு ஒரு படகு வாங்கினேன்.
எனக்கு நீந்தத் தெரியாது.
இறங்கிய வருடம்
படுக்கை, ரொட்டி, சிகரெட்.
பதினோரு மாதம்.

பிறகு லித்தியம். பிறகு இன்னொரு மாத்திரை.
துறைமுகத்துத் தெருநாய் போல
பசி என் பின்னாலேயே வரத் தொடங்கியது.
பத்தொன்பது கிலோ.
மனசு அடங்கிவிட்டது என்றார்கள்.
பொய்யில்லை, அடங்கித்தான் இருந்தது.

என் தம்பி பால்தோமேரோவுக்கும் இதே வடம்.
அவன் சரியும்போதெல்லாம்
கத்திகளை ஒளித்தோம்,
பால்கனிக் கதவைப் பூட்டினோம்,
மாத்திரையை எண்ணி எண்ணி
அன்றன்றைக்கு மட்டும் கொடுத்தோம்,
முறைவைத்து விழித்திருந்தோம்.
நாற்பத்தேழு வயதில்,
நல்ல மனநிலையில்,
ஒரு செவ்வாய்க்கிழமை மீன் வாங்கிக்கொண்டு
எங்கள் தெருவின் நூற்றறுபத்திரண்டு படிகளில்
நூறாவதில் உட்கார்ந்தான்.
நான் ஓடிப் போனபோது
பையில் மீன் இன்னும் சில்லென்று இருந்தது.

கதவைக் காத்தோம், ஜன்னலைக் காத்தோம்.
அவன் நெஞ்சு வழியாகப் போய்விட்டான்.

இரண்டு மாதம் முன்னால் அவசரப் பிரிவில்
மூச்சு முட்டுகிறது என்று சொல்லியிருக்கிறான்.
கோப்பைத் திறந்திருக்கிறார்கள்.
முதல் பக்கத்திலேயே வியாதியின் பெயர்.
பதற்றம், என்று எழுதி
வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

குன்றின் மருத்துவ மையத்துக்குப் புதிதாக வந்த நர்ஸ் யாஸ்னா
என் கதை எதையும் கேட்காமல்
முதலில் கையை நீட்டு என்றாள்.
பட்டை இறுகியது.
நூற்றறுபத்தெட்டு. கீழே தொண்ணூற்றெட்டு.
இடுப்பைச் சுற்றி நாடா. சர்க்கரை. கொழுப்பு.

எனக்குத் தலையில்தானே கோளாறு, என்றேன்.
தலைக்கு ரத்தம் எங்கிருந்து போகிறதாம், என்றாள்.

பதினாறு வருடமாக என் ரத்தத்தை எடுக்கிறார்கள்.
அதில் லித்தியத்தை மட்டுமே தேடினார்கள்.
தூங்கினாயா, செலவு செய்தாயா,
சாகத் தோன்றுகிறதா என்று கேட்டார்கள்.
படியேறினால் வலிக்கிறதா என்று
ஒருவர்கூடக் கேட்கவில்லை.
நானும்தான் சொல்லவில்லை.

உப்பைக் குறை, என்றாள் யாஸ்னா.
சட்டென நாக்கைக் கடித்துக்கொண்டு,
லித்தியம் சாப்பிடுகிறாயே, நீயாகக் குறைக்காதே,
டாக்டரிடம் நானே பேசுகிறேன், என்றாள்.
அந்தத் திருத்தத்தில்தான்
இந்த உடம்பில் ஒரே ஆள் இருப்பது
யாருக்கோ தெரிந்துவிட்டது என்று தோன்றியது.
வெளியே வந்து மதில் ஓரமாக நின்று அழுதேன்.
வியாதியால் இல்லை. சும்மா.

காலையில் முதல் பெட்டி கிளம்புமுன்
எண்ணெய்த் துணியால் வடத்தைப் பிடித்து
முழம் முழமாகத் தடவிப் பார்ப்பது என் வேலை.
அறுந்த இழை துணியில் மாட்டும்.
பயணிகளுக்குப் பெட்டிகள்தான் தெரியும்,
எது மேலே, எது கீழே.

இப்போது வேலை முடிந்து படியேறித்தான் வீட்டுக்குப் போகிறேன்.
சிகரெட் நாளுக்கு நான்கு. பொய் சொல்வானேன், ஐந்து.
நூறாவது படியில் நிற்கிறேன், உட்காருவதில்லை.
மணிக்கட்டில் இரண்டு விரல்.
நூற்றுப் பன்னிரண்டு, தம்பி.
கொஞ்சம் பொறுத்து மறுபடி எண்ணுவேன்.