நாலரை மணி வாசல்

பாரிஸை விட்டுப் போவதென்று முடிவானது
சலவை இயந்திரம் குளியலறைக் கதவைத்
திறக்கவிடாமல் நின்ற ஒரு காலையில்.
ஆறாம் மாடி. இருபத்தெட்டுச் சதுர மீட்டர்.
நால்வரில் ஒருவர் புரண்டு படுத்தால்
மற்ற மூவரும் புரள வேண்டும்.

விமலேந்திரன் வாடகையைக் கூட்டிக் கழித்தார்,
ரயில் நேரத்தைக் கூட்டிக் கழித்தார்.
எனக்கு வேறொரு கணக்கு இருந்தது.
அதை அவரிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு.
முதியோர் இல்லத்துச் சீருடையை ஊறப்போட்டுவிட்டு
வாரம் ஓர் ஊருக்கு ரயிலேறினேன்.
தரகரிடம் போகவில்லை,
நகரசபைப் படியேறவில்லை.
நாலரை மணிக்கு
ஆரம்பப் பள்ளி வாசலில் போய் நின்றேன்.
மணி அடிக்கும். கதவு திறக்கும்.
எண்ணத் தொடங்குவேன்.

நிறத்தைத்தான் எண்ணினேன், ஒப்புக்கொள்கிறேன்.
சுருள்முடி, எண்ணெய் வைத்த பின்னல்,
முக்காடிட்ட தாய்,
ஆசிரியை கூப்பிடும்போது
நாக்கில் இடறுகிற ஒரு பெயர்.

சார்த்தரில் கோபுரம் இரண்டு.
வாசலில் நான் ஒருத்தி.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒருவர்
மிகுந்த மரியாதையோடு கேட்டார்:
"வழி தவறிவிட்டீர்களா, மதாம்?"
இல்லை என்றேன்.
திரும்பும் ரயிலில்தான்
ஆம் என்று தோன்றியது.

அடுத்த ஊரின் பெயர் வேண்டாம்.
இருபத்தொன்று வரை எண்ணினேன் அங்கே.
ஆனால் அவர்கள் அந்தச் சுவரோரம்,
இவர்கள் இந்தக் கம்பியோரம்.
நடுவில் கிடந்த பந்தை
எடுக்க எவரும் வரவில்லை.

"எங்கட ஆக்கள் இருக்கினமோ?" என்றார் இவர்.
"எங்கட ஆக்கள்தான் வேணுமெண்டால்
லா ஷப்பலில் நிறையப் பேர் இருக்கினம்.
போய்க் கேளுங்கோ,
ஓர் அறை கூடத் தருவினமோ எண்டு."
அன்றிரவு அவர் பேசவில்லை.
வேலைக்குப் போகும்போது
கதவை மட்டும் மெதுவாகச் சாத்தினார்.

மொந்தார்ஜியில் மழை.
வாய்க்கால் நீர் பாலத்தின் வயிற்றைத் தொட்டது.
ஒன்பது, பத்து, பதினொன்று.
எதிர்ப்பக்கம் முதுகில் குழந்தையைக் கட்டிய ஒருத்தி,
அவள் உதடும் அசைந்தது.
என்னைப் பார்த்தாள்.
ஒரு விரலை மடக்கினாள்.

"பதினாலு," என்றாள் கிட்ட வந்து.
"என்னையும் சேர்த்தா?"
"உன்னைச் சேர்த்துத்தான்."
பெயர் கும்பா. சேன்-தெனியிலிருந்து
காலை ரயிலில் ஊர் பார்க்க வந்தவள்.
நான் அவளை எண்ணியிருந்தேன்,
அவள் என்னை.
இருவருமே அந்த ஊர் இல்லை.
குழந்தை விழித்து அழுமளவுக்குச் சிரித்தோம்.

அப்போது செந்நிற முடியோடு ஒரு பெண்
தள்ளுவண்டியோடு மல்லுக்கட்டி வந்து
"இதைக் கொஞ்சம் பிடியுங்கள்" என்று
குடையை என் கையில் திணித்தாள்,
பால்போத்தலைக் கும்பா கையில்.
யார், எங்கிருந்து என்று கேட்கவில்லை.
வாரைப் பூட்டினாள். மழையைத் திட்டினாள்.
கந்தீனில் வெள்ளிக்கிழமை மீன் நன்றாயிராது,
பிள்ளைக்குப் பிஸ்கட் கொடுத்தனுப்புங்கள் என்றாள்.
போய்விட்டாள்.

அவளை நான்
எண்ணவே இல்லை.

செப்டெம்பரில் குடிவந்தோம்.
கும்பா வரவில்லை. அவள் கணவனுக்கு
லூ மானில் வேலை கிடைத்துவிட்டதாம்.
துளசிகாவுக்குத் தனி அறை.
முதல் இரவு பயந்துபோய்
எங்கள் நடுவில் வந்து படுத்தாள்;
பழக்கத்தில் மூவரும் ஒன்றாகப் புரண்டோம்.
குடைக்காரியை மறுபடி கண்டேன்.
அவளுக்கு என்னை நினைவில்லை.
மீனைப்பற்றி மறுபடி சொன்னாள்.

நேற்று நாலரைக்கு
தெருவின் எதிர்ப்புறம் யாரோ ஒருத்தி.
நனைந்த சப்பாத்து, கையில் ரயில் சீட்டு,
அசைகிற உதடு.
மரத்தின் மறைவில் நின்றிருந்தேன்.
ஓரடி
முன்னால் வந்து நின்றேன்.