அளக்கப்பட்டது

சோஹார் கல்லூரி, முதலாண்டு வடிவமைப்பு.
பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு நிழற்கூரை.
ஷம்சாவின் அணி இருபத்தாறு ஸ்லைடு ஓட்டியது:
வெப்பம் அளக்கப்பட்டது,
தேவை கண்டறியப்பட்டது.
"யார் அளந்தது?" என்றேன்.
ஏசி மட்டும் பேசியது.

மறுவாரம்
மூக்குத்தோல் உரிந்து வந்தாள்.
நாலு மணிக்குக் கூரையின் நிழல்
நடுரோட்டில் போய் விழுகிறதாம்.
பெஞ்சு காலி.
விளம்பரப் பலகைக்குப் பின்னால்
பதினோரு பேர் ஒருக்களித்து,
ஒருவர் நிழலில் ஒருவர்.

அறிக்கை இப்போது
"நாங்கள் நின்றோம்" என்று தொடங்குகிறது.
ஸ்லைடு ஐந்துதான்.
என் தமிழில் வெயிலையும்
'பட்டது' என்போம்;
அவளிடம் சொல்லவில்லை.
மூக்குக்குத் தெரிந்திருக்கும்.

இருபதுக்குப் பதினைந்து போட்டேன்.
கூரையைத் திருப்பிவிட்டாள், சரி,
செலவுக் கணக்கு இன்னும் உதைக்கிறது.