எட்டரை முதல் பத்தரை வரை

வெளிச்சுவரில் சிலுவை இல்லாத வளாகம்.
வாசலில் பையைத் திறந்து காட்டிப் போனால்
ஏழாம் எண் கூடம்.
எட்டரை முதல் பத்தரை வரை தமிழ்.
அதற்கு முன் மலையாளம்.
அடுத்து பிலிப்பினோக்காரர்கள்,
அவர்கள் பூங்கொத்தோடு வராந்தாவில் நிற்கும்போதே
கடைசி ஆசீர்வாதத்தை அவசரமாய் வாங்கிக்கொள்வோம்.
தோகாவில் வெள்ளிதான் எங்கள் ஞாயிறு.

அன்று போதகர் தங்கய்யா
பாவத்துக்கும் சம்பளம் உண்டு என்று தொடங்கினார்.
சனையாவிலிருந்து பஸ்ஸில் வந்த பின்வரிசை
நிமிர்ந்து உட்கார்ந்தது.
அந்தச் சொல்லைக் கேட்டு
மூன்று மாதம் ஆகியிருந்தது அவர்களுக்கு.
அவர்கள் கம்பெனியின் நேரக் கணக்கன் நான்.
சபைக்குச் செயலாளரும்.

ஆணோடு ஆண் என்று அவர் வந்து நின்றபோது
ஏசி மட்டும் பேசியது.
பெயர் சொல்லவில்லை.
கீபோர்டின் பின்னால் யாபேஸ்
வெள்ளைக் கட்டைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

நஜ்மாவில் ஒரே அறை, பதினோரு வருஷம்,
அவனும் கிரேன் ஓட்டும் துரைசிங்கும்.
யாரோ கட்டிலை எண்ணிவிட்டார்கள்.

கார் நிறுத்தத்தில் கமிட்டி கூடியது.
பஜேரோ பானட்டின் மேல் தீர்மானப் புத்தகம்.
"வெளியே சொல்லமாட்டோம்" என்றார் பொருளாளர்.
"சொன்னால் ஜெயில், அப்புறம் விமானம்.
சொல்லவில்லை பாருங்கள், அதுதான் கிருபை."
கிருபைக்கு இப்படி ஒரு விளிம்பு இருப்பதை
அன்றுதான் தொட்டுப் பார்த்தேன்.
சூட்டில் பேனா எழுதவில்லை.
உதறினேன்.
எழுதியது.

சாயங்காலம் நஜ்மாவுக்குப் போனேன்.
ஷேரி மீனைச் செதிலெடுத்துக்கொண்டிருந்த துரைசிங்
மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டார்.
கட்டிலைப் பார்க்காமலிருக்கப் பார்த்தேன்.
ஜன்னலோரம் ஒரு சார்ஜருக்கு இரண்டு போன்கள்
முறை காத்துக் கிடந்தன.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன்:
"எல்லாரும் பாவிதான் ஓய்.
நானே மாசாமாசம்
முப்பத்தெட்டுப் பேரோட ஓவர்டைமில
அரைமணி அரைமணியாக் கிள்ளுறேன்.
உத்தரவு மேலயிருந்து, கையெழுத்து என்னது.
உமக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

யாபேஸ் சத்தமில்லாமல் சிரித்தான்.
"நீரு எடுத்த அரைமணிக்கு ஒரு பேரு உண்டுல்லா?
சாயல்குடி முத்திருளன்,
மகளுக்கு பீஸ் கட்டல,
அப்படி ஒரு பேரு?"

இருந்தது.

"நான் யாருக்க அரைமணிய எடுத்தேன்?
பேரைச் சொல்லும், எழுதிக்கிடுதேன்.
அதுவரைக்கும்
உமக்க களவை எனக்க தட்டில வைக்காதேயும்."

துரைசிங் கத்தியைக் கழுவினார்.
"சாப்பிட்டுட்டுப் போங்க."
அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.
சாப்பிட்டேன். முள் இருந்தது.

வசனம் எழுதியபடி எழுதியிருக்கிறது.
அழிக்க என்னிடம் ரப்பர் இல்லை,
அழிக்கத் துணிவேன் என்றும் தோன்றவில்லை.
பாவம் என்ற சொல்லைத்தான்
ராத்திரியெல்லாம் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.
கல்லெடுக்கவும் அதே சொல்,
ஐயோ என்று முன்னால் சேர்த்தால்
தண்ணீர் கொடுக்கவும் அதே சொல்.
நாங்கள் முதலாவதை எறிந்தோம்.
நான் இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு போனேன்.
இரண்டையும் அவன்
வாசலிலேயே செருப்போடு விடச் சொல்லிவிட்டான்.

அடுத்த வெள்ளி கீபோர்டில் ஒரு பையன்.
எந்தப் பொத்தானை அமுக்கினானோ,
யாபேஸ் பதிந்துவைத்த தாளம் தானாகக் கிளம்பிவிட்டது.
நிறுத்தத் தெரியவில்லை.
பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கியும்
தாளம் ஓடுகிறது.
போதகர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார்.

என் மடியில் வருகைப் பதிவேடு.
அவன் பெயருக்கு எதிரே
நீக்கம் என்று எழுத வேண்டிய கட்டத்தில்
பேனா முனை நின்று
மை ஊறிப் பெரிதாகிறது.

மணி பத்து இருபத்தைந்து.
வராந்தாவில் பூங்கொத்துகள்.