பிடிக்கிறவள்

ஊசி போடுகிறவரைத்தான் எல்லாருக்கும் ஞாபகம்.
நான் பிடிக்கிறவள்.
அக்கரைப்பற்று மிருக வைத்தியசாலையில்
தகர மேசைக்கு இந்தப் பக்கம்,
நாயின் மூச்சு கழுத்தில் படுகிற பக்கம்.

முதலில் மேசையில் ரப்பர் விரிப்பு.
கால் வழுக்கினால் எந்த நாயும்
உலகமே வழுக்குவதாய் நினைத்துக்கொள்ளும்.
இடது கை தாடைக்குக் கீழால்,
தலை என் தோளோடு.
வலது கை முழங்கைக்குப் பின்னால் போய்
காலை முன்னுக்குத் தள்ளும்.
பெருவிரல் மேலே குறுக்காக விழுந்து
கொஞ்சம் வெளிப்பக்கம் உருளும்.
அவ்வளவுதான்.
ஸ்பிரிட்டில் படிந்த மயிருக்கடியில்
நரம்பு எழும்பிவரும்,
மண் வெட்டிப் போட்டு அடைத்ததும்
வாய்க்கால் பின்னுக்கு நிரம்புமே, அப்படி.

டொக்டர் ஹிமாலி
அம்பாறையிலிருந்து ஏழு மணி பஸ்ஸில் வருகிறவ.
அவவிடம் இருக்கிற தமிழ் கொஞ்சம்:
பிடி. மெல்ல. எத்தனை நாள். சாப்பிட்டதா. விடு.
ஊசியின் கழுத்தில் துளிச் சிவப்புத் தெரிந்ததும்
"விடு" என்பா.
பெருவிரலை மட்டும்தான் விட வேண்டும்.
முதல் மாதம் நான் முழுக் கையையும் விட்டுவிட்டேன்.
கறுப்பு நாயொன்று சிரிஞ்சோடு பாய்ந்து
சந்தை வரைக்கும் ஓடியது.
ஓட்டோக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள்,
"மிஸ், சிரிஞ்சு நாய் எங்க?"

போன செவ்வாய் கோணாமலை வந்தார்,
பனங்காட்டிலிருந்து,
சைக்கிள் கரியரில் யூரியாப் பை,
பைக்குள் சூட்டி.
வட்டையில் இரவிரவாய் யானைக்குக் குரைக்கிறவன்.
காதுக்குள் உண்ணிகள்,
உரித்துப்போட்ட ஆமணக்கங்கொட்டைபோல.

உதட்டைத் தூக்கி முரசை அழுத்தினேன்.
விரலை எடுத்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.
சிவப்பு திரும்பி வரவில்லை.
அழுத்துமுன்னரே அது
இளநீர் வழுக்கை நிறம்தானே.
தொடையின் உட்புறம் நாடி தேடினேன்,
பதினைந்து செக்கன் எண்ணி
நாலால் பெருக்கி அட்டையில் எழுதினேன்.
வெப்பமானி தொண்ணூற்றாறு.
காய்ச்சல் இல்லை. அதுதான் பயம்.

டொக்டர் அட்டையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.
சிங்களத்தில் மெல்லச் சொன்னா.
அதைத் தமிழில் சொல்ல
எனக்கு நேரம் எடுத்தது.
கோணாமலை தொப்பியைக் கழற்றி
மறுகா போட்டுக்கொண்டார்.
"புள்ள, நான் புடிக்கட்டா?"

உரிமையாளர் பிடிக்கக்கூடாது என்று
சுவரில் எழுதியிருக்கிறது.
எழுதினது நான்தான்.
"இஞ்ச, இப்படி. பெருவிரல் குறுக்கால."
மண்வெட்டி பிடித்த விரல்;
எனக்கு எழும்பாத நரம்பு
அவருக்கு உடனே எழும்பியது.
துளிச் சிவப்புத் தெரிந்தது.
"விடு."
அவர் விடவில்லை.
"விடு, விடு."
சூட்டி அவர் முழங்கையை ஒரு தரம் நக்கினான்.
சேறு காய்ந்த அந்தப் பெருவிரலுக்கடியில்
என் பெருவிரலை நுழைத்து
நிமிர்த்தினேன்.
மற்றக் கையை எடுக்கத் தேவையில்லை என்று
சொல்ல மறந்துபோனேன்.
அவர் எடுக்கவும் இல்லை.

ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன்.
முழு நிமிடம்.
இதை நாலால் பெருக்குவதில்லை.

யூரியாப் பை வேண்டாம் என்று
நல்ல துவாயொன்றில் சுற்றிக் கொடுத்தேன்.
சைக்கிளில் ஏறாமல்
உருட்டிக்கொண்டு போனார்.

வெளியே வாங்கில் ஹம்சியா றாத்தா,
அட்டாளைச்சேனை அரிசி ஆலைக்காரி,
மடியில் மீன் பெட்டி.
பெட்டி உறுமியது.
விரிப்பைக் கழுவி மறுபடி போட்டேன்.
பூனை வேறு பாடம்:
கூட இறுக்கினால் கூடக் கிழியும்.
துவாய் ஒன்று குறைந்ததால்
மழைக்குக் கொண்டுவந்த சால்வையை உதறி எடுத்தேன்.
"பேர் என்ன?"
"பேரெல்லாம் வைக்கல்ல கா. கடுவன்தான்."
அட்டையில் எழுதினேன்:
கடுவன்.