முடியும் மூடியும்

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
லேப்டாப்புகள் சாகும் இடம் என் கடை.
செத்த பேட்டரியைப் பிளந்தால்
ஆறில் இரண்டு செல் உயிரோடிருக்கும்.
எந்த இரண்டு என்பதுதான் தொழில்.

இரண்டரை வோல்ட்டுக்குக் கீழே போனதைத்
தொடமாட்டேன். ஏற்றினால் ஏறும்,
ஏறியது போல நடிக்கும்.
மற்றதை நிரப்பிவைத்துப் பத்து நாள் கழித்து அளப்பேன்.
இறங்காமல் நிற்பவற்றின் நெற்றியில் தேதி எழுதி
ஜோடி சேர்ப்பேன், ஒரே வயது, ஒரே தெம்பு.
பொருந்தாத ஜோடியில்
வலுத்தது இளைத்ததைத் தலைகீழாய்ப் பிழியும்.
(உதாரணம் எங்கள் தெருவிலேயே உண்டு. பெயர் வேண்டாம்.)

ஏழைகாத்தான் கல்குவாரியில் மூழ்குகிறவன்.
கல் அறுத்தவர்கள் போன பிறகு
மழை வந்து குடியேறிய பள்ளம்.
பதினைந்தடிக்குக் கீழே பகலிலும் ராத்திரி.
விழுந்த மோட்டார், பைக், ஒருமுறை ஒரு பீரோ,
போலீஸ் கூப்பிட்டால் ஆள்.
கடை விளக்கு பன்னிரண்டாயிரம் சொன்னார்களாம்.
"நீங்க ஒண்ணு செஞ்சு குடுங்க நூரக்கா."

சிம்மக்கல்லில் எடைக்கு வாங்கிய அலுமினியக் குழாய்.
லேத்தில் மரை. இரண்டு ஓ-ரிங்,
நகநுனி அளவு சிலிக்கான் கிரீஸ்.
செல்லில் நேராய் ஈயம் வைக்கவில்லை,
நிக்கல் பட்டையை வெல்டிங்கில் ஒட்டினேன்.
நேர்முனைக் கழுத்தில் காகித வளையம்.
செல்லின் உடம்பு முழுக்க எதிர்முனை என்பது
பலருக்குப் பட்ட பிறகுதான் தெரியும்.
தளக்கல்லில் வைத்து சார்ஜ் போடு,
கட்டிலில் வேண்டாம், தூங்கும்போது வேண்டாம்,
நாலு புள்ளி இரண்டில் கழற்று என்றேன்.
வாளியில் ஒரு ராத்திரி அமுக்கிவைத்தேன்.
ஒரு குமிழி வரவில்லை.
வாளி ஓரடி ஆழம்.

வியாழக்கிழமை மதியம் போன்.
"விளக்கு மங்குச்சுக்கா, மேல வந்துட்டேன்.
உள்ள தண்ணி ஆடுது. குழாய் சுடுது.
கழட்டி ஊத்திரவா?"

கழட்டாத.
மூடி உன்னப் பாக்கக் கூடாது.
ஒருத்தரையும் பாக்கக் கூடாது.
அங்கிட்டு பாறைல வச்சுட்டு நட. ஓடாத, வழுக்கும். நட.

செல் தண்ணீரைப் பிளக்கும், வாயு பிறக்கும்,
போக்கிடம் இல்லாத குழாய்
கொஞ்சம் கொஞ்சமாய்த் துப்பாக்கியாகும்.
இதையெல்லாம் சொல்ல நேரமில்லை.
"நடந்துட்டேன்க்கா. இப்ப என்ன..."

போனில் தீக்குச்சி ஒடிந்த மாதிரி ஒரு சத்தம்.
பிறகு பள்ளத்தின் நாலு சுவரும்
அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தன.
பிறகு அவன் மூச்சு.

சாயங்காலம் மணல் போட்ட பெயிண்ட் டப்பாவில்
குழாயைக் கொண்டுவந்தான்.
மூடியையும் தேடி எடுத்திருந்தான்,
அது அவன் தொழிலாயிற்றே.
லென்ஸை வைத்துப் பார்த்தேன்.
உள் பக்கத்து ஓ-ரிங் அறுந்திருந்தது.
வெளி ரிங்கின் குறுக்கே, கிரீஸில் படுத்தபடி,
ஒரு முடி.
முழ நீளம். அவனுக்கு ஒட்டக் கிராப்பு.

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
சொன்னேன்.
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து
ரொம்ப நேரம் பார்த்தான்.
"நாப்பதடித் தண்ணி
இதப் புடிச்சுல்ல உள்ள எறங்கிருக்கு" என்றான்,
கயிறு பிடித்து இறங்குகிறவன்.

அடுத்த குழாயின் மூடியில்
உள்ளழுத்தம் வெளியேற ஒரு சின்ன வால்வு.
தலையில் துணி கட்டித்தான் மூடினேன்.
செல் வைக்கவில்லை. மடித்த டிஷ்யூ ஒன்றை உள்ளே போட்டு
ஒரு கல்லையும் சேர்த்துக் கட்டி
கரையிலிருந்து இறக்கினோம், நாற்பதடி,
முக்கால் மணி நேரம்.
பணத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

மேலே இழுத்து, ஈரம் துடைத்து,
மூடியை ஆளில்லாத பக்கம் திருப்பித் திறந்தேன்.
காய்ந்த பேப்பர்.
அதை வாங்கி
ஏழைகாத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.