இருமல்

சரப்பிக்கி ஆற்றங்கரை, காலை ஐந்தே முக்கால்.
மழை விட்டும் இலை விடவில்லை.
யோர்லேனியின் முழங்காலில் நோட்டு,
கழுத்தில் ஸ்டாப்வாட்ச்.
ஹெலிகோனியாவின் சிவப்பு மடலோரம்
அவள் சுருட்டி வைத்த களிமண் விரியன்,
தங்கையின் பள்ளிக்கூடப் பெயின்ட்டில் மஞ்சள்.

முதல் நாள்
ரீங்காரச் சிட்டு வந்து அந்தரத்தில் நின்றது.
திரும்பாமலே பின்னுக்குப் பறந்தது.
ஓரத்துப் பூவில் ஒரு நொடி.
அலகு நனைந்ததோ இல்லையோ,
நெற்றியில் அப்பிய மகரந்தத்தோடு
ஓடைக்கு அப்பால் போயே போய்விட்டது.
பயந்தால் பூந்தாது தூரம் போகும்போல,
மூலையில் கிறுக்கிவைத்தாள்.

மறுநாள் இரண்டு நொடி.
மூன்றாம் நாள் மூன்றரை,
அதுவும் பாம்பின் தலைமாட்டுப் பூவில்.
களிமண் கடிக்காதென்று
யார் சொன்னார்கள் அதற்கு?
நாம்தானே.

இன்று
மடலோரம் இரண்டு மஞ்சள்.
எண்ணினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு
மறுபடி எண்ணினாள்.
இரண்டும் அசையவில்லை.
இரண்டின் முதுகிலும் மழைத்துளி.
தான் செய்தது எதுவென்று
செய்தவளுக்கே தெரியவில்லை.

சோதனையில் குறுக்கிடக் கூடாது:
நோட்டின் முதல் பக்கத்தில்
டாக்டர் உகால்தேயின் கையெழுத்து,
அடியில் இரண்டு கோடு.

இறக்கைச் சத்தம்.
பழகிய வழியில், பழகிய உயரத்தில்,
அலகை நீட்டிக்கொண்டு
நேராக வருகிறது.

ஐந்து ஐம்பத்திரண்டு. பதிவு செல்லாது.
காரணம்: பார்வையாளருக்கு இருமல்.